மிக்சியில் சத்தம் இல்லை

"மிக்சியில் சத்தம் வரவில்லை. ஆள் அனுப்பவும்."

புகார்ப் பெட்டியில் இந்த ஒற்றை வரி வந்து விழுந்த அன்று எங்கள் ஆபீஸில் யாரும் உருப்படியாக வேலை பார்க்கவில்லை. சத்தமே வராத மிக்சியைச் செய்யத்தான் மூன்று வருஷமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தோம். அது கடைக்குப் போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வடிவமைப்புப் பிரிவின் தலைவி மைதிலி மேடம் அந்த வரியைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் காபி மெஷினுக்கு மேலே ஒட்டிவிட்டார். இதைவிட நல்ல விளம்பரம் யாராவது எழுத முடியுமா என்று எல்லோரிடமும் கேட்டார். பதில் எழுதுகிற வேலை என்னிடம் வந்தது. "அன்பான வாடிக்கையாளருக்கு, இது குறை அல்ல, இதுவே இதன் சிறப்பு" என்று எழுதிப் புகாரை முடித்துவைத்தேன். எழுதும்போது நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

என் பெயர் குணசீலன். கோயம்புத்தூரில் மிக்சியும் கிரைண்டரும் செய்கிற ஒரு கம்பெனியில் கை பார்ப்பவன். ஜோசியம் என்று நினைத்துவிட வேண்டாம். அதை எங்கள் சர்வீஸ் ஆள் ரஃபீக்குக்கு நான் விளக்கிய விதத்திலேயே சொல்லிவிடுகிறேன். ரஃபீக்குக்கு வயது நாற்பத்தைந்து இருக்கும். இந்த ஊரில் அவர் திறந்து பார்க்காத மிக்சி கிடையாது. ஒருநாள் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

"அந்தக் கையுறைக்குள்ள அப்படி என்னதான் சார் இருக்குது? நாள் பூரா மாட்டிட்டுக் கண்ண மூடி உக்காந்திருக்கீங்க. பாக்கறவங்க தூங்கறீங்கன்னு பேசிக்கறாங்க."

"மூடி மேலயும் திருகு மேலயும் வெங்காயத் தோல் மாதிரி ஒண்ணு ஒட்டியிருக்குமே, பாத்திருக்கீங்களா?"

"பிரிக்கும்போது கிழியுமே, அதுங்களா? எத்தனை கிழிச்சிருக்கேன்."

"அதுதான். எந்த விரல் பட்டுச்சு, எவ்வளவு அழுத்துச்சு, எங்க தயங்குச்சு, எல்லாத்தையும் அது பதிஞ்சு இங்க அனுப்பிரும். நான் கையுறைய மாட்டினா அந்தக் கை செஞ்சதை என் கை அப்படியே உணரும்."

"யாரோ ஒரு பொம்பளையோட கையவா?"

"யாரோடதுன்னு தெரியாது. வெறும் நம்பர்தான்."

"அவங்களுக்கு இது தெரியுமா சார்?"

"வாங்கும்போது போன்ல ஒரு பக்கம் வருமில்ல, கீழ சம்மதம்னு போட்டு. அதுல இருக்கு."

"அதை எவன் படிக்கறான்," என்றார் ரஃபீக். "அவங்களயே நேராக் கேட்டுட்டாப் போச்சு. எதுக்கு இந்த வித்தையெல்லாம்?"

"கேட்டா சொல்ல மாட்டாங்க. கிரைண்டர் ஆடுதா, காலுக்கடியில பேப்பரை மடிச்சு வெச்சிருவாங்க. குக்கர் பிடி சுடுதா, பழந்துணியைச் சுத்திக்குவாங்க. மறுநாளே அது குறைன்னே மறந்துபோயிரும். இதுல என்னங்கம்மா தொல்லைன்னு கேட்டா, ஒண்ணுமில்லீங்க நல்லாத்தான் இருக்குன்னுவாங்க. வாய் சொல்லாததை கைதான் சொல்லணும்."

இதை நான் பெருமையாகத்தான் சொன்னேன். எனக்கு இந்த வேலையில் நல்ல பேர் இருந்தது. மிக்சி மூடியை எல்லோரும் உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டே அரைக்கிறார்கள் இல்லையா, ஒரு காலத்தில் மூடி பறந்து சட்னி கூரையில் ஒட்டியதால் வந்த பழக்கம் அது. பூட்டு வைத்த மூடி வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் தமிழ்நாட்டில் மிக்சி ஓடுகிற எந்த வீட்டிலும் மூடி மேல் ஒரு கை இருக்கும். பூட்டு இருக்கிறது, கையை எடுங்கள் என்று எழுதி ஒட்டிப் பார்த்தோம். எழுதியிருந்த இடத்தின் மேலேயே கையை வைத்து அமுக்கினார்கள். அதனால்தான் அந்த வெங்காயத் தோலை, உணர்தோல் என்று நாங்கள் சொல்வதை, மூடியில் ஒட்டினோம்.

இந்த வேலையில் ஒரு தொல்லையும் உண்டு. அடுத்தவர் கை நம் கையில் ஒட்டிக்கொள்ளும். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது என் வலது கை இடுப்புக்குப் போய் ஈரம் துடைக்க முந்தானையைத் தேடும். தலை வாரும்போது இல்லாத பின்னலை முன்னால் எடுத்துப் போடும். என் மனைவி முதலில் சிரித்தாள், அப்புறம் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். அவள் பக்கத்தில் படுத்திருக்கும் ஆள் யாரென்று அவளுக்குச் சந்தேகம் வந்திருந்தால் அதில் தப்பில்லை.

சத்தமில்லாத மிக்சிக்கு விதை போட்டதும் நான்தான். பழைய மாடல்களின் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. நூறு வீட்டில் மூன்று வீட்டில், அரைத்து முடிந்த பிறகும் மிக்சி ஓடுகிறது. உள்ளே ஒன்றும் இல்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், வெறும் ஜார் ஓடுகிறது. மூடி மேல் கை இருக்கிறது, ஆனால் அமுக்கவில்லை. தூங்குகிற குழந்தையின் முதுகில் வைத்த கை மாதிரி சும்மா இருக்கிறது. அத்தனை நிம்மதியான கையை வேறெந்தப் பதிவிலும் நான் உணர்ந்ததில்லை. இதை யாரும் குறை என்று எழுதி அனுப்பவில்லை, எந்த சர்வேயிலும் வரவில்லை. நான் மட்டும் கண்டுபிடித்தேன்.

கண்டுபிடித்து என்ன அர்த்தம் பண்ணினேன்? இரைச்சலில் அரைபட்டு முடிந்தது இவர்களுக்குத் தெரிவதில்லை, மின்சாரம் வீணாகிறது, மோட்டார் சூடாகிறது என்று அர்த்தம் பண்ணினேன். அதற்கு இரண்டு மருந்து. சத்தத்துக்கு எதிர்ச்சத்தம் போட்டு அதை அடக்குகிற குட்டி ஸ்பீக்கர் ஒன்று. ஜார் காலியானால் தானே நின்றுவிடுகிற ஏற்பாடு ஒன்று. "அமைதி" என்று பேர் வைத்தோம். அந்த வருஷம் கம்பெனி எனக்கு ஒரு கேடயம் கொடுத்தது. யாரும் பார்க்காததைப் பார்த்த கண்ணுக்கு என்று அதில் பொறித்திருந்தது. அதை டிவிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

புகாரை நான் முடித்துவைத்த மூன்றாவது வாரம் அதே வீட்டிலிருந்து இன்னொன்று வந்தது. பழைய மிக்சியையே திரும்பக் கொடுக்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள். புதியதுக்கு மாற்றாக வாங்கிக்கொண்ட பழையதையெல்லாம் நாங்கள் நசுக்கிவிடுவோம். அதைச் சொல்லிப் பதில் போடுவதற்கு முன், ஏதோ ஒரு அரிப்பில், அந்த வீட்டு நம்பரின் பதிவை எடுத்துக் கையுறையை மாட்டினேன்.

அந்தக் கை ஜாரில் வெறும் தண்ணீரை ஊற்றி மூடியது. காலியாக இருந்தால் மிக்சி ஓடாது என்பதால் தண்ணீர். திருகைத் திருப்பியது. மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தது. கொஞ்ச நேரத்தில் வெடுக்கென்று துடித்தது. விரல்கள் மூடியை விட்டு ஒரு நூல் அளவு எழுந்து மறுபடி உட்கார்ந்தன. அப்புறம் இன்னொரு துடிப்பு. தினம் இப்படித்தான். இதே வீட்டின் பழைய மிக்சிப் பதிவையும் எடுத்துப் பார்த்தேன். நான் முன்னே சொன்ன நிம்மதியான கைகளில் ஒன்று இது.

மைதிலி மேடத்தைக் கூப்பிட்டு மாட்டிப் பார்க்கச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"குணா, இது ஷாக். கரன்ட் லீக் ஆகுது. கை இப்படித் துடிக்குதுன்னா வேற என்ன?"

"தினமும் ஷாக் அடிக்கற மிக்சியை யாராவது தினமும் தொடுவாங்களா மேடம்?"

"நம்ம ஆளுங்க தொடுவாங்க. ரப்பர் செருப்பைப் போட்டுட்டுத் தொடுவாங்க. இன்னிக்கே போய்ப் பாரு. அந்த வீட்டுல லீக்னா மொத்த மிக்சியையும் திரும்ப வாங்கணும்."

நானும் ரஃபீக்கும் போனோம். கணபதி என்கிற பகுதியில் ஒரு காம்பவுண்டுக்குள் கடைசி வீடு. முன்னறையும் அதை ஒட்டிச் சமையலறையும்தான். முன்னறையில் கட்டிலில் ஒருவர் படுத்திருந்தார். கதவைத் திறந்த பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். கோகிலவாணி என்று பேர் சொன்னார். கட்டிலில் இருந்தவர் அவர் கணவர் தனபால், ஒரு காலத்தில் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருந்தவர். பக்கவாதம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகிறதாம்.

ரஃபீக் மீட்டரை வைத்து மிக்சியை அங்குலம் அங்குலமாகச் சோதித்தார். கரன்ட் எங்கும் கசியவில்லை. "எப்பவும் போல ஓட்டிக் காட்டுங்கம்மா," என்றேன். வாணியம்மா தண்ணீரை ஊற்றி ஓட்டினார். மூடியில் கையை வைத்தார். மிக்சி சுத்தமாகச் சத்தமில்லாமல் ஓடியது. நான் உள்ளுக்குள் பூரித்தேன்.

முன்னறையிலிருந்து குரல் வந்தது. "வாணீ."

கை துடித்தது. நான் கண்ணால் பார்த்தேன்.

அவர் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "ஒண்ணுமில்லீங்க, ஃபேன் காத்து மூஞ்சில அடிச்சுது. திருப்பி வெச்சுட்டேன்."

"அடிக்கடி கூப்பிடுவாருங்களா?"

"அவருக்கு வாய்ல அந்த ஒரு வார்த்தைதானுங்க மிச்சம். மத்ததெல்லாம் போயிருச்சு. தண்ணி வேணும்னாலும் வாணி, கொசு கடிச்சாலும் வாணி, மூச்சு முட்டுனாலும் வாணிதான். போய்ப் பாத்தாத்தான் என்னன்னு தெரியும். பாவம், அவரும் என்ன பண்ணுவாரு."

எனக்கு மனசு லேசாகிவிட்டது. ஷாக் இல்லை, கூப்பிடுகிற குரல்தான். எங்கள் மிக்சியில் ஒரு குறையும் இல்லை. அந்தச் சந்தோஷத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் நான் கையுறையைப் பற்றி விலாவாரியாகச் சொன்னேன். உங்கள் கை துடிப்பது எங்கள் ஆபீஸில் தெரிகிறது, அதைப் பார்த்துத்தான் பயந்து ஓடிவந்தோம், இப்போது காரணம் தெரிந்துவிட்டது, அவர் கூப்பிடும்போதெல்லாம் உங்கள் கை துடிக்கிறது என்று ஏதோ பரிசு கொடுக்கிற மாதிரி சொன்னேன்.

வாணியம்மா இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

"அதெல்லாமா தெரியுதுங்க?"

"பயப்படாதீங்கம்மா. யாருக்கும் சொல்ல மாட்டோம்."

முன்னறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"பழைய மிக்சி ஓடுனா ஒண்ணும் கேக்காதுங்க. சட்னி அரைஞ்சு முடிஞ்சாலும் ரெண்டு நிமிஷம் விட்டுருவேன். மூடியப் புடிச்சுட்டு நிக்கறேன், கைய எடுக்க முடியாது, காதும் கேக்கலை. அந்த ரெண்டு நிமிஷம் எனக்குங்க. அவரும் கோவிச்சுக்க மாட்டாரு. மிக்சி ஓடறது அவருக்கும் கேக்குமில்லீங்களா. இந்தப் புதுசை மகதான் பெங்களூர்ல இருந்து ஆர்டர் போட்டு, பழசைத் தூக்கிக் குடுத்துட்டா. அப்பா தூக்கம் கெடக்கூடாதுன்னு. நல்ல மனசுலதான் செஞ்சா." நிறுத்தி என்னைப் பார்த்தார். "இதுல சத்தம் வர்ற மாதிரி ஒரு சுவிட்ச் வெக்க முடியாதுங்களா சார்?"

முடியும். எதிர்ச்சத்தத்தை நிறுத்திவிட்டால் போதும், பழைய மிக்சியைவிடப் பலமாகவே கத்தும். ரஃபீக்கின் பையில் இருந்த கருவியால் ஐந்து நிமிஷ வேலை. ரஃபீக் பையில் கையை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"கம்பெனில கேட்டுட்டுச் சொல்றேங்கம்மா," என்றேன்.

வண்டியில் வரும்போது ரஃபீக் கேட்டார். "ஏன் சார் வேண்டாம்னீங்க? நான் பண்ணிட்டு வந்திருப்பேன்."

"அதுக்கு விதி இல்ல ரஃபீக். கேட்டுக்கலாம்."

"சரிங்க சார். கேளுங்க," என்றார்.

நான் கேட்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். கேட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. காலி ஜார் ஏன் ஓடியது என்று மேடம் கேட்பார், நூறில் மூன்று வீடு என்று கணக்குப் போட்டவன் நான்தான், அத்தனை வீட்டிலும் மூடி மேல் கையை வைத்துக்கொண்டு யார் யார் எதிலிருந்து ஒதுங்கி நின்றார்கள் என்ற பேச்சு வரும். கேடயத்தைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள்தான். ஆனாலும் எனக்கு மனசு வரவில்லை. "மின்கசிவு இல்லை. கை அசைவு வெளியிலிருந்து வரும் சத்தத்தால் ஏற்படுவது. பொருளில் குறை இல்லை" என்று எழுதி இரண்டாவது புகாரையும் மூடினேன்.

ஆறு வாரம் கழித்து ரஃபீக் என் மேஜைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"கணபதி போயிருந்தேன் சார், வேற ஒரு கிரைண்டர் வேலையா. அந்த வாணியம்மா வீட்டுக்காரரு போயிட்டாரு. போன செவ்வாய்க்கிழமை, பகல்ல. புரையேறிருச்சாம். அந்தம்மா அடுப்படில இருந்திருக்காங்க. டாக்டர் வந்து, பக்கத்துலயே இருந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னு சொல்லிட்டாராம்." பையைத் தோளில் சரிசெய்துகொண்டார். "நீங்க கம்பெனில கேட்டீங்களா சார்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் போய்விட்டார்.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. ஒரு வீட்டாரை நேரில் தெரிந்துவிட்டால் அந்த வீட்டுப் பதிவைத் தொடக் கூடாது. நான் தொட்டேன். செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று பத்து. ஜாரில் தண்ணீர். கையுறையை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினேன்.

கை மூடியின் மேல் வந்து உட்கார்ந்தது. முதல் துடிப்பு வழக்கமானது. ஒரு நிமிஷம் போய் இரண்டாவது. மூன்றாவதில் விரல்கள் எழுந்து கொஞ்சம் தயங்கித்தான் இறங்கின. நான்காவதில் இன்னொரு கையும் வந்தது. இரண்டு கையும் சேர்ந்து, உள்ளே இருக்கும் எதுவோ வெளியே வந்துவிடப் போகிறது என்பதுபோல, மூடியை அமுக்கின. என் மணிக்கட்டு வலித்தது. அப்படியே வெகுநேரம்.

பிறகு ஐந்தாவது. மிகச் சின்னது. வேலைக்குப் புதியவன் என்றால் தவறவிட்டிருப்பான். அந்தத் துடிப்பில் இரண்டு கையும் மூடியை விட்டு எழுந்தன. கையுறைக்குள் ஒன்றும் இல்லை. ஒரு விநாடி. இரண்டு விநாடி. போய்விட்டார் என்று நினைத்தேன். போங்கம்மா, போயிருங்க என்று வாய்விட்டே சொன்னேன், நடந்து முடிந்து எட்டு நாள் ஆன ஒன்றிடம். மூன்றாவது விநாடியில் வலது கை திரும்பி வந்தது. அதன் பின்னால் இடது கை. இரண்டும் பழையபடி மூடியில் மெதுவாக உட்கார்ந்தன. அதன்பின் மிக்சி ஆறு நிமிஷம் ஓடியது. துடிப்பே இல்லை. தூங்குகிற குழந்தையின் முதுகில் வைத்த கை மாதிரி இருந்தது.

கையுறையைக் கழற்ற என்னால் முடியவில்லை. பக்கத்து மேஜைக்காரர் வந்து கழற்றிவிட்டார். அன்றிலிருந்து யாராவது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் என் கை துடிக்கிறது. கூப்பிட்டது யார் என்று பார்க்கத் திரும்புவதற்குள் என்னையறியாமல் எதையாவது அமுக்கிப் பிடித்துக்கொள்கிறேன். மேஜை, சுவர், பஸ் கம்பி, எதுவானாலும். குளித்தால் போகவில்லை, தூங்கினால் போகவில்லை. செத்துப்போன ஒருவர் என்னைக் கூப்பிடுகிறார் என்றுகூடச் சொல்ல முடியாது. அவர் கூப்பிடுவது வாணியை.

மறுநாள் ரஃபீக்கிடம் அந்தக் கருவியை வாங்கிக்கொண்டு நான் மட்டும் கணபதிக்குப் போனேன். துக்கம் கேட்க என்று சொல்லிக்கொண்டேன். சத்தம் வைத்துக் கொடுத்துவிட்டால் ஏதோ ஒன்று சரியாகிவிடும் என்று உள்ளூர ஒரு முட்டாள்தனமும் இருந்தது.

கட்டிலை எடுத்துவிட்டிருந்தார்கள். அது கிடந்த இடத்தில் தரை மட்டும் புதுசாகத் தெரிந்தது. சுவரில் தனபாலின் படத்துக்குக் கீழே விளக்கு எரிந்தது. வாணியம்மா தனியாகத்தான் இருந்தார். மகள் பால் வாங்கப் போயிருக்கிறாளாம். ஒரு டம்ளரில் எனக்குக் காபி கொடுத்தார்.

"அன்னைக்குக் கேட்டீங்களே, சத்தத்துக்கு," என்று கருவியை எடுத்தேன். "இப்ப வெச்சுத் தர்றேங்கம்மா."

"இனி எதுக்குங்க," என்றார்.

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். கோபமே இல்லை. கருவியைப் பைக்குள் போட்டேன். தெருவில் ஒரு சத்தமும் இல்லை. அந்த வீட்டில் அப்படி ஓர் அமைதி. நாங்கள் மூன்று வருஷம் பாடுபட்டதும் இதற்குத்தான் போலிருக்கிறது.

"சார், ஒண்ணு கேட்டா சொல்லுவீங்களா?" சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். "அன்னைக்கு நீங்கதான் சொன்னீங்க, அவர் கூப்பிட்டா என் கை துடிக்கறது உங்க மெஷின்ல தெரியும்னு. அந்தச் செவ்வாய்க்கிழமையும் தெரியுங்களா?"

நான் காபியைக் கீழே வைத்தேன்.

"தெரியுமுங்க."

"துடிச்சுதுங்களா?"

வழியெல்லாம் நான் பயந்துகொண்டு வந்த கேள்வி இதுதான். இதற்குப் பதிலையும் வழியிலேயே தயார் செய்துவைத்திருந்தேன்.

"இல்லைங்கம்மா. கை அசையவே இல்லை. உங்களுக்குக் கேக்கலை. குழாய்த் தண்ணிச் சத்தத்துல கேட்டிருக்காது."

அவர் என்னையே பார்த்தார். அந்தப் பார்வையில் நான் எதிர்பார்த்த ஆறுதல் இல்லை. கூட்டத்தில் கையை விட்டுவிட்டுப் போகிறவரைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"நாலு தடவ கூப்பிட்டாருங்க," என்றார். "நாலும் எனக்குக் கேட்டுது."

படத்துக்குக் கீழே எரிந்த விளக்கைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார்.

"டாக்டரு உனக்குக் கேட்டிருக்காதுன்னாரு. கொழுந்தனாரு கேட்டிருக்காதுன்னாரு. மக மடியில படுக்க வெச்சு, அம்மா உனக்குக் கேட்டிருக்காதுங்கறா. ஆளாளுக்கு எனக்காகச் சொல்லிட்டாங்க. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள சொல்லிட்டாங்க. மெஷினு ஒண்ணாச்சும் நெசத்தச் சொல்லும்னு இத்தனை நாளா உங்களுக்காகக் காத்துட்டிருந்தனுங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பழைய மிக்சியா இருந்திருந்தா எனக்கு நெசமாவே கேட்டிருக்காது சார். அவர் எப்படியும் போயிருப்பாரு. நான் கேக்காதவளா இருந்திருப்பேன். அவ்வளவுதானுங்க வித்தியாசம்."

பதினொரு வருஷமாக மற்றவர்களின் கைகளைப் பார்த்தவன் நான். ஒரு மனுஷியிடம் நேருக்கு நேர் உட்கார்ந்து, அவர் என்ன கேட்கிறார் என்று பார்க்கத் தெரியாமல் போயிற்று.

"மன்னிச்சிருங்கம்மா," என்றேன். "நான்தான் பொய் சொன்னேன். மெஷின் சரியாத்தான் சொல்லுச்சு. துடிச்சுது. நாலு தடவை. நாலாவதுல ரெண்டு கையாலயும் மூடிய அமுக்கிப் பிடிச்சீங்க."

"ஆமாங்க," என்றார். "ஆமா. ரெண்டு கையாலயும்."

அவர் அழுதார். நான் வந்ததிலிருந்து அடக்கிவைத்திருந்ததை வாய்விட்டே அழுதார். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். நான் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னவோ நினைத்துக்கொண்டவர் போல நிமிர்ந்தார்.

"நாலாவதுக்குப் பொறவு எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லீங்க. ஜாருக்குள்ள தண்ணி சுத்தறதையே பாத்துட்டு நின்னேன். அதுக்கப்புறம் கூப்பிட்டாருங்களா? கை துடிச்சுதுங்களா?"

என் கைகளை மடியில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து அமுக்கிக்கொண்டேன். போகக் கிளம்பினீர்கள் என்று சொன்னால் அது ஆறுதலா? திரும்பி வந்தீர்கள் என்பதையும் சேர்த்துத்தானே சொல்ல வேண்டும். இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

"இல்லைங்கம்மா," என்றேன். "நாலோட சரி."

இந்தத் தடவை என் முகத்தில் எதையும் தேடவில்லை. மெதுவாக மூச்சை விட்டார்.

"நாலுதானுங்களே," என்றார். "நாலுன்னா எப்படியாச்சும் சுமந்துக்குவேனுங்க."

ஆறிப்போன காபி டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். நான் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்தேன்.